தடைக்கு முந்தைய கடைசி விற்பனை: கனடாவில் கைத்துப்பாக்கி விலை ஏறியது ஏன்?

கைத்துப்பாக்கி இறக்குமதிக்குக் கனடா அரசு விதித்த தடை 2022 ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை நடைமுறைக்கு வந்தது. ஆனால், ஏற்கெனவே நாட்டுக்குள் வந்துவிட்ட கைத்துப்பாக்கிகளை விற்பதும் வாங்குவதும் அப்போது இன்னும் சட்டப்படி செல்லுபடியாக இருந்தது. அந்த விற்பனையை நிறுத்தும் விதிமுறைகள் இலையுதிர்காலத்தில்தான் அமலாகும் என எதிர்பார்க்கப்பட்டது. சரக்கு வரத்து நின்றுவிட்டது. வாங்குவோர் வரத்து நிற்கவில்லை. பல கடைகளில் கைத்துப்பாக்கி அலமாரிகள் காலியாகிவிட்டன. எஞ்சிய கையிருப்புக்கும், தனியாரிடம் இருந்த பழைய துப்பாக்கிகளுக்கும் கேட்கப்பட்ட விலை ஏறிக்கொண்டிருந்தது.

தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்பது எவரும் அறிந்ததே. இங்கே வியப்புக்குரியது வேறொன்று. அன்று கூடுதல் விலை கொடுத்து வாங்கப்பட்ட அந்தப் பொருளை அடுத்த சில வாரங்களுக்குப் பிறகு, மிகச் சிலரைத் தவிர, எவருக்கும் விற்க முடியாது என்ற நிலை இருந்தது. மகனுக்கு எழுதி வைக்கவும் இயலாது. விரைவில் சந்தை மதிப்பை இழக்கவிருந்த ஒரு பொருளுக்கு அன்று ஏன் அத்தனை போட்டி? அந்தப் போட்டிக்கான கால அவகாசத்தை ஏற்படுத்திக் கொடுத்தது யார்?

மே 30இல் நடந்தது

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் உவால்டே நகரில் உள்ள தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டது 2022 மே 24ஆம் தேதி. அடுத்த ஆறாவது நாள், மே 30ஆம் தேதி, கனடாவின் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ சி-21 என்ற மசோதாவை அறிவித்தார். நாடு முழுவதும் கைத்துப்பாக்கிகளை வாங்குவது, விற்பது, கைமாற்றுவது, இறக்குமதி செய்வது ஆகிய நான்கையும் முடக்குவதே அதன் மையக் கூறு. மசோதா சட்டமாவதற்குக் காலம் பிடிக்கும் என்பதால், விற்பனையையும் கைமாற்றத்தையும் நிறுத்தும் விதிமுறைகளை அரசு தனியாகவும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்தது.

அன்று செய்தி மேசைகளில் பலரும், நானும்தான், 'கனடாவில் கைத்துப்பாக்கிக்குத் தடை' என்றே தலைப்பிட்டோம். ஆங்கில அறிவிப்பில் இருந்த சொல்லோ உறைய வைத்தல் என்ற பொருளுடையது. நம் மொழியில் 'முடக்கம்' என்பது அதற்கு நெருங்கி வரும். தடைக்கும் முடக்கத்துக்கும் இடையிலான வேறுபாடு வெறும் சொல் விவகாரம் என்று அப்போது தோன்றியது. விலை ஏறத் தொடங்கிய பிறகுதான் முழு விவகாரமும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பது புலப்பட்டது.

தடை எனில், வைத்திருப்பதே குற்றமாகும். துப்பாக்கியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். முடக்கத்தில் அப்படியில்லை. ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பவர் தொடர்ந்து வைத்திருக்கலாம். பயிற்சிக் களத்துக்கு எடுத்துச் சென்று சுடலாம். விதிமுறை அமலாகும் நாளன்று யாரிடம் எது இருக்கிறதோ அது அவரிடமே தங்கிவிடும். அந்த நாளுக்கு முன்பு வாங்கிவிட்டவருக்கு ஆயுட்கால உரிமை. மறுநாள் வருபவருக்கு எதுவுமில்லை. தடை என்றால் வாங்கத் தயங்குபவரைக்கூட முடக்கம் கடைக்கு விரட்டுகிறது.

யார் வாங்கினார்கள்?

அமெரிக்காவைப் போல நினைத்த மாத்திரத்தில் கடைக்குள் நுழைந்து கைத்துப்பாக்கி வாங்கிவிடக் கனடாவில் முடியாது. அங்கு அது 'கட்டுப்படுத்தப்பட்ட' வகை ஆயுதம். 2022இல் வாங்க விரும்பியவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, பின்னணிச் சரிபார்ப்பைக் கடந்து, அதற்கென இருந்த தனி உரிமத்தைப் பெற வேண்டியிருந்தது. புதிதாக விண்ணப்பித்தவர் குறைந்தது 28 நாள்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு துப்பாக்கியும் அவர் பெயரில் பதிவு செய்யப்பட வேண்டியிருந்தது. பணம் கட்டி ரசீது பெற்றால் மட்டும் போதவில்லை. கைமாற்றத்துக்கு அதிகாரிகளின் ஒப்புதல் கிடைத்த பிறகே பொருள் கைக்கு வந்தது.

எனவே, அப்போது கடை வாசலில் நின்றவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்கள். ஒன்று வைத்திருந்தவர் இரண்டாவதை வாங்கினார். உரிமம் பெற்றும் வாங்காமல் தள்ளிப்போட்டவர் இனித் தள்ளிப்போட வழியின்றி வாங்கினார். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாள்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்ததால், வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் என்று முன்பதிவு செய்த துப்பாக்கியைவிடக் கடை அலமாரியில் கண்ணெதிரே இருந்த துப்பாக்கிக்குத் தேவை அதிகமாக இருந்தது. ஆகஸ்ட் 19க்குப் பிறகு அந்த முன்பதிவுகளும் பொருளற்றுப் போயின. கனடாவின் கைத்துப்பாக்கிச் சந்தை பெரும்பாலும் இறக்குமதியை நம்பியது.

2022 ஜனவரி முதல் ஜூன் வரை 2.64 கோடி கனடிய டாலர் மதிப்புள்ள பிஸ்டல்களும் ரிவால்வர்களும் கனடாவுக்குள் வந்தன. 2021ஆம் ஆண்டின் இதே காலத்தை விட இது 52 சதவீதம் அதிகம். மசோதாவால் ஏற்பட்ட அவசரக் கொள்முதலுக்குச் சான்றாகவே இந்த எண் காட்டப்பட்டது. சற்று உற்றுநோக்கினால் அது முழு உண்மையாகாது. மசோதா வந்தது மே 30இல். அந்த ஆறு மாதங்களில் அதற்குப் பிந்தையது ஜூன் ஒன்றுதான். ஒரு மாதம் தனியாக இத்தனை பெரிய உயர்வைத் தந்திருக்க இயலாது. கைத்துப்பாக்கிகளைத் தடை செய்யும் மாகாணங்களுக்கு 100 கோடி டாலர் ஒதுக்குவதாக லிபரல் கட்சி 2021 தேர்தலிலேயே வாக்குறுதி அளித்திருந்தது. வரப்போவதை வணிகர்கள் அப்போதே மோப்பம் பிடித்துவிட்டார்கள் என்று கருதவே இடமிருக்கிறது.

ஆயிரம் டாலர் கணக்கு

விலையேற்றத்தின் உண்மையான அளவு விலைச்சீட்டில் தெரியாது. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கைத்துப்பாக்கியின் வழக்கமான விலை ஆயிரம் டாலர் எனக் கொள்வோம். நன்கு பராமரித்தால் சில ஆண்டுகள் கழித்து அதை 700 டாலருக்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். எனில், அதை வைத்திருந்ததற்கு ஆகும் உண்மையான செலவு 300 டாலர் மட்டுமே. இப்போது அதே துப்பாக்கியை ஒருவர் 1,300 டாலருக்கு வாங்குகிறார். முடக்கத்துக்குப் பிறகு மறுவிற்பனை ஏறக்குறைய இயலாது என்பதால் திரும்பக் கிடைக்கக்கூடியது எதுவுமில்லை. அவருக்கு ஆகும் செலவு 1,300 டாலர். விலைச்சீட்டில் 30 சதவீதமாகத் தெரியும் உயர்வு, வாங்குபவரின் கணக்கில் நான்கு மடங்குக்கும் மேல்.

இதை அறியாமல் வாங்கினார்கள் என்று சொல்வதற்கில்லை. போட்டிகளில் சுடுபவருக்கோ சேகரிப்பாளருக்கோ இது இனி ஒருபோதும் திறக்காத கதவு. அதற்குள் நுழைவதற்கான கட்டணமாகவே கூடுதல் விலையைக் கருதினார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்து முடக்கத்தை நீக்கும் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் மறுவிற்பனை மதிப்பு உயிர்பெறும். இன்னொரு சாரார், அரசே ஒருநாள் பணம் கொடுத்துத் திரும்பப் பெறும் என்று கணக்கிட்டார்கள்.

மூன்றாவது கணக்குக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 22 பேர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 2020 மே 1ஆம் தேதி சுமார் 1,500 வகைத் தாக்குதல் துப்பாக்கிகளைக் கனடா தடை செய்தது. அவற்றைத் திரும்பப் பெறுவதற்கான உத்தேச விலைப்பட்டியல் 2022 ஜூலை இறுதியில் வெளியானது. ஏஆர்-15 ரகத்துக்கு 1,337 டாலர். ஆனால், அது தடை செய்யப்பட்ட பொருளுக்கான இழப்பீடு. கைத்துப்பாக்கி எதுவும் பறிக்கப்படவில்லை. ஆகவே அதற்கு இழப்பீட்டுத் திட்டமும் இருக்கவில்லை. அன்று ஏறிய விலை கொடுத்து வாங்கியவர், சட்டத்தில் இல்லாத ஒரு வாக்குறுதியை நம்பிப் பணம் போட்டார்.

ஒரே தடை, இரு வேறு விலைகள்

விற்பனையை நிறுத்தினால் பழைய சரக்கின் விலை ஏறும் என்ற பொதுவான எண்ணத்துக்கு வலுவான சான்று அமெரிக்காவில் உள்ளது. அங்கு 1986 மே 19ஆம் தேதிக்குப் பிறகு பதிவு செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்க முடியாது. அதற்கு முன் பதிவானவற்றை மட்டும் உரிய அனுமதியுடன் கைமாற்றிக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடவே கூடாத அந்தப் பழைய துப்பாக்கிகள் இன்று பல பத்தாயிரம் டாலருக்கு விலைபோகின்றன.

இந்தியாவிலும் இதற்கு இணையான நிலை உண்டு. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டது. பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. அதற்கு முன் வந்து சேர்ந்த வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகள் உரிமம் பெற்றவர்களுக்கிடையே இன்றும் கைமாறுகின்றன. தயாரான நாட்டில் எவரும் திரும்பிப் பார்க்காத பழைய ரகங்களுக்குக்கூட இங்கு லட்சக்கணக்கில் விலை கேட்கப்படுகிறது.

இவ்விரு நாடுகளிலும் சட்டம் புதிய வரத்தை அடைத்தது. பழையதைக் கைமாற்ற விட்டது. கனடா இரண்டையும் அடைக்கிறது. ஒலிம்பிக், பாராலிம்பிக் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் போட்டியிடுவோரும் பயிற்சியாளர்களும், பணி நிமித்தம் ஆயுதம் ஏந்த அனுமதி பெற்றவர்களும், சில வணிக நிறுவனங்களுமே இனி வாங்கத் தகுதியுடையோர். ஆகவே அமெரிக்க இயந்திரத் துப்பாக்கியைப் போல இது முதலீடாகிவிடும் என்று எண்ணி வாங்குபவர் ஏமாறுவது உறுதி. விற்பவருக்கு மட்டுமே அது ஆதாயமான காலமாக இருந்தது. அந்த ஆதாயமும் கடைசி முறை கிடைப்பது. கையிருப்பு தீர்ந்ததும் அந்தக் கடைகளின் கைத்துப்பாக்கி வணிகமே முடிவுக்கு வரும் நிலை இருந்தது.

அமெரிக்காவிலேயே வேறொரு அனுபவமும் உண்டு. 1994இல் தாக்குதல் துப்பாக்கிகளுக்குப் பத்தாண்டுத் தடை வருவதற்கு முன், நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்த காலத்தில், அவற்றின் விலை 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்ததாக அந்நாட்டு நீதித் துறைக்கான ஆய்வு பதிவு செய்துள்ளது. அந்த உயர்வைக் கண்ட தயாரிப்பாளர்கள் தடைக்கு முன்பே உற்பத்தியைப் பெருக்கிச் சந்தையை நிரப்பினார்கள். தடை வந்த பிறகு விலை இறங்கியது. பதற்றத்தில் வாங்கியவர்களே நட்டப்பட்டார்கள். கனடாவில் சந்தையை அப்படி நிரப்ப வழியில்லாதபடி இறக்குமதித் தடை குறுக்கே நின்றது. ஆனால் அது வந்தது மசோதா அறிவிப்புக்கு எண்பது நாள்களுக்குப் பிறகு.

பிற்பகல் மூன்று மணி

முன்னறிவிப்பு கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்பதை அரசுகள் அறியாதவை அல்ல. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டது 2019 மார்ச் 15ஆம் தேதி. ஆறு நாள்கள் கழித்து, தடைச் சட்டம் வரப்போவதாகப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அறிவித்தார். சட்டம் நிறைவேற வாரங்கள் ஆகும் என்பதால், அதே நாள் பிற்பகல் 3 மணி முதல் அத்தகைய துப்பாக்கிகளைச் சாதாரண உரிமத்தில் வாங்க முடியாதபடி ஓர் ஆணையும் அமலானது. பதுக்கலைத் தடுப்பதே நோக்கம் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது.

பிரிட்டன் வேறு வழியைக் கையாண்டது. டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. சுமார் 1,62,000 கைத்துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. இழப்பீடு பெற, அரசு தன் முடிவை அறிவித்த 1996 அக்டோபர் 16ஆம் தேதிக்குள் துப்பாக்கி கையில் இருந்திருக்க வேண்டும் என்று சட்டம் வரையறுத்தது. அதற்குப் பின் ஓடிச்சென்று வாங்கியவருக்கு ஆதாயமில்லை.

நம் நாட்டில் 2022 மே 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அன்றே நடைமுறைக்கு வந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். ஏற்கெனவே வங்கிக் கடன் உறுதிக் கடிதம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்தச் சிறிய இடுக்கிலேயே முன்தேதியிட்ட கடிதங்கள் நுழைந்ததால், ஆவணங்களை நேரில் சரிபார்க்குமாறு வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் உத்தரவிட வேண்டியதாயிற்று. கனடா திறந்து வைத்திருந்தது இடுக்கன்று, முழுக் கதவு.

ஏன் திறந்து வைத்தது? கனடாவின் துப்பாக்கிச் சட்டத்தின்படி, அதன் கீழான விதிமுறைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட்டு 30 அமர்வு நாள்கள் கடக்க வேண்டும். மக்கள் பிரதிநிதிகளின் கண்ணில் படாமல் விதி வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தன்னளவில் குறை சொல்லத்தக்கதன்று. ஆனால் ஜூன் 23ஆம் தேதியுடன் அவை கோடை விடுமுறைக்குக் கலைந்தது. விடுமுறை நாள்கள் அமர்வுக் கணக்கில் சேரா. கடைகளுக்கு விடுமுறை இல்லை. முப்பது நாள் என்று எழுதப்பட்ட காலம் ஒரு கோடைப் பருவம் முழுவதுமாக நீண்டது இப்படித்தான்.

2020இல் நள்ளிரவுக்குக்கூடக் காத்திராமல் அன்றே தடை விதித்த அதே அரசுதான் அது. அப்போது துப்பாக்கி ரகங்களைத் தடைப்பட்டியலுக்கு மாற்றும் அதிகாரம் குற்றவியல் சட்டத்தின் கீழ் அமைச்சரவையிடம் இருந்தது. கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை, பறிமுதலும் இழப்பீடும் இன்றி முடக்க மட்டுமே அரசு விரும்பியதால் நீண்ட வழியில் செல்ல நேர்ந்தது. பாதி வழியில் விளைவைக் கண்ட பிறகே, ஏற்றுமதி இறக்குமதி அனுமதிச் சட்டத்தைக் கையிலெடுத்து ஆகஸ்டில் இறக்குமதியை அடைத்தது. அந்தச் சட்டம் மே மாதத்திலும் இருந்தது. அதே நாளில் அதைப் பயன்படுத்தியிருந்தால் ஜூன், ஜூலை மாதங்களில் வந்திறங்கிய சரக்கு வந்திருக்காது. இந்தத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் காண இயலவில்லை.

வீட்டுக்குள் சேர்ந்தவை

விலை உயர்வால் நட்டப்படுவது வாங்கியவரின் பணப்பை என்றால், அதை அவர் பாடு என்று விட்டுவிடலாம். எண்ணிக்கை உயர்வு அப்படிப்பட்டதன்று. கனடாவில் பதிவான கைத்துப்பாக்கிகள் 2010க்கும் 2020க்கும் இடையே 71 சதவீதம் பெருகி ஏறத்தாழ 11 லட்சத்தை எட்டின என்று அரசே தெரிவித்துள்ளது. அந்தப் பெருக்கத்தை நிறுத்துவதே முடக்கத்தின் நோக்கம். நிறுத்தும் அறிவிப்பே அதற்கு ஒரு கடைசி உந்துதலைக் கொடுத்திருக்கிறது. அந்தக் கோடையில் வாங்கப்பட்ட ஒவ்வொன்றும் உரிமையாளரின் ஆயுள் வரை ஒரு வீட்டில் இருக்கும்.

குற்றங்களில் பயன்படுபவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கடத்தி வரப்படுபவை. உரிமம் பெற்றவரைக் கட்டுப்படுத்தி என்ன பயன் என்று துப்பாக்கி உரிமையாளர்கள் கேட்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. நோவா ஸ்கோஷியா கொலையாளியிடம் உரிமமே இல்லை. அவரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை எல்லை தாண்டி வந்தவை. ஆயினும் மறுபக்கச் சான்றுகளையும் தள்ள முடியாது. 2017இல் கியூபெக் நகர மசூதியில் ஆறு பேரைக் கொன்றவர் பயன்படுத்திய கைத்துப்பாக்கி அவர் சட்டப்படி வைத்திருந்தது. 2018இல் டொராண்டோவின் டான்ஃபோர்த் சாலையில் 10 வயதுச் சிறுமியும் 18 வயதுப் பெண்ணும் கொல்லப்பட்டது, சஸ்கட்டூன் நகரக் கடையொன்றிலிருந்து திருடப்பட்ட கைத்துப்பாக்கியால். பெருந்தொகையான தமிழர் வாழும் டொராண்டோவில் அந்த இரவை இன்னும் எவரும் மறந்துவிடவில்லை. உயிரிழந்தோரின் குடும்பங்களும் உயிர்பிழைத்தோரும் அன்று முதல் கைத்துப்பாக்கித் தடையைக் கோரி வந்தார்கள். அவர்கள் கேட்டது தடை, கிடைத்தது முடக்கம்.

இவ்விவாதத்தில் அதிகம் பேசப்படாதது இன்னொன்று. கனடாவில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பெரும்பான்மை கொலைகள் அல்ல, தற்கொலைகள். கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2020இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் விகிதம் மற்ற ஆண்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே 35 மடங்கு என்றும் தெரியவந்தது. கனடாவில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் விதிகள் கடுமையானவை என்பதால் அந்த விகிதங்கள் அப்படியே பொருந்தா. எனினும், பூட்டின் சாவி இருப்பது உரிமையாளரிடம்தான்.

கனடா நாடாளுமன்றத்தின் கீழவை 2022 செப்டம்பர் 19ஆம் தேதி மீண்டும் கூடுவதாக அப்போது திட்டமிடப்பட்டிருந்தது. எஞ்சிய அமர்வு நாள்களின் எண்ணிக்கை அவை கூடியதும் மீண்டும் தொடங்கவிருந்தது. அது முடிந்து விதிமுறைகள் அமலாகும் நாளை அரசு ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்திருக்கவில்லை. அதுவரை, கையிருப்பு உள்ள கடைகளில் விற்பனை தொடரவிருந்தது.